சித்தப்பா திறந்துவிட்ட தண்ணீர்

நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் தலைவர் ஒரு கூட்டம் போட்டார். உவர் நிலத்தில் நல்ல விளைச்சல் தரும் நெல்லை உருவாக்கும் வேலை எங்களுக்கு வந்திருக்கிறது, அதற்குச் சோதனை வயல் வேண்டும், இந்த மாவட்டத்திலேயே படுமோசமான நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஆளுக்கொரு கடற்கரை ஊரின் பெயரைச் சொன்னார்கள். நான் கையைத் தூக்கி, எங்கள் நைனாவின் நிலம் இருக்கிறது என்றேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். சொந்த நிலத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை. மாட்டை விற்கப் போகிறவன்கூட அதன் சுழியை மறைத்துத்தான் பேசுவான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிலத்தை மோசமாக்கியவர் யார் என்று எனக்குத் தெரியும். அவரைப் பழிவாங்கத்தான் நான் இந்தப் படிப்பையே படித்தேன். பயிர்களின் மேல் ஆர்வம், விவசாயிகளுக்குச் சேவை என்று நேர்முகத் தேர்வில் ஒப்பித்ததெல்லாம் சும்மா. கேள்வி கேட்டவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

எங்கள் ஊர் பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஆந்திரா கூப்பிடு தூரம் என்பதால் எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு இருந்தது ஒரே துண்டு நிலம். அது சாலையைப் பார்த்து இருந்தது. அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் சித்தப்பாவின் நிலம். சொந்தச் சித்தப்பா இல்லை, நைனாவின் சித்தப்பா மகன், அதாவது பங்காளி. இதை எழுதும்போது அவரை அவன் என்று எழுதத்தான் கை வருகிறது. நைனா படித்தால் திட்டுவார். அதனால் அவர் என்றே எழுதுகிறேன்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் தன் நிலத்தை வெட்டி இறால் குட்டை ஆக்கினார். ஓடைவழியாக ஏரியின் உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார். இறால் வளர்ந்தது, அவர் வீட்டுக்கு மாடி வந்தது, வாசலில் கார் வந்தது. எங்களுக்கு உப்பு வந்தது. குட்டையின் கரைக்கு அடியில் கசிந்து கசிந்து முதலில் எங்கள் வயலின் பின்பக்கம் வெள்ளையாகப் பூத்தது. அடுத்த போகத்தில் நடுவயலுக்கு வந்தது. நட்ட நாற்று நுனி கருகி, சுருண்டு, இருக்கிறதா செத்ததா என்று தெரியாமல் நின்றது. வைக்கோல்கூட மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிற மாதிரிதான் இருந்தது.

நைனா சண்டைக்காரர் இல்லை. அவர் போய் நிதானமாகத்தான் கேட்டார். டீக்கடை வாசலில், நாலு பேர் இருக்கும்போது, நானும் கூட நின்றிருந்தேன். சித்தப்பா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னது இது:

"உன் நெலத்துல உப்பு பூத்தா அதுக்கு நான் இன்னாண்ணா பண்றது? பேசாம எனக்கே எழுதிக் குடுத்துட்டுப் போ. ஆம்பளப் புள்ளயா பெத்து வெச்சிக்கீற, நெலத்தக் காப்பாத்திக் குடுக்கறதுக்கு?"

நாலு பேரும் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டார்கள். நைனா திரும்பி நடந்தார். அவர் பின்னால் நடந்த ஒற்றைப் பெண் பிள்ளை நான். நடந்துகொண்டே உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன். விஷயம் தெரிந்ததும் அம்மா வேறு வழியில் தீர்த்துக்கொண்டாள். எங்கள் வயல் மண்ணை முந்தானையில் அள்ளிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் தூற்றிவிட்டு வந்தாள். அந்த வருஷம் அவருக்கு இறால் இன்னும் நன்றாக விளைந்தது. சாபத்தை நம்பிப் பயனில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அவருக்கு எங்கள் நிலம் ஏன் தேவை என்பது பிறகு புரிந்தது. கும்மிடிப்பூண்டி பக்கம் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, சரக்கு வைக்கக் கிடங்கு கட்ட எங்கள் பக்கம் வரைக்கும் இடம் தேடி வந்தார்கள். அவர் நிலத்துக்குச் சாலை கிடையாது. எங்கள் நிலமும் சேர்ந்தால்தான் லாரி உள்ளே போகும். எங்கள் நிலம் விளையாமல் கிடந்தால் நைனா எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? சித்தப்பா காத்திருக்கத் தெரிந்தவர்.

நானும் காத்திருக்கத் தெரிந்தவள். ஒரே ரத்தம்தானே.

வேளாண்மை படித்தேன், அதிலும் புது ரகம் உருவாக்குகிற பிரிவையே எடுத்தேன். உப்பைத் தாங்குகிற நெல் உலகத்தில் இல்லாமல் இல்லை. கடலோரத்து நாட்டு நெல் ஒன்று இருந்தது. உப்புத் தண்ணீரில் நின்றாலும் சாகாது. ஆனால் ஆளுயரம் வளர்ந்து காற்றடித்தால் படுத்துவிடும், அரிசி தடிமனாக இருக்கும், கண்டுமுதல் ரொம்பக் குறைச்சல். இன்னொரு பக்கம் குட்டையாக நின்று மூட்டை மூட்டையாகக் கொடுக்கிற ரகம், உப்பைக் கண்டால் செத்துவிடும். இரண்டையும் சேர்க்க வேண்டும். நெல் பூவைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவி எடுத்து, காகிதப் பை போட்டு மூடி, மறுநாள் காலையில் மற்ற நெல்லின் மகரந்தத்தை அதன் தலையில் தட்ட வேண்டும். கை நடுங்கக் கூடாது. எனக்கு நடுங்கவில்லை. ஒவ்வொரு பூவையும் உருவும்போது டீக்கடை வாசல் ஞாபகத்துக்கு வரும், கை கல்லாக நிற்கும்.

அப்படிச் சேர்த்துப் பிறந்த நெல் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று உப்பைத் தாங்கும், ஒன்று தாங்காது. தலைமுறை தலைமுறையாக விதைத்து வேண்டாததைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள நிலையத்திலிருந்து என்னை வடக்கே அனுப்பினார்கள். அங்கே கோதுமையில் இதே வேலையைச் செய்கிறவர்கள் இருந்தார்கள். தொட்டி தொட்டியாகக் கெட்ட மண்ணைக் கொட்டி, அதில் கோதுமையை விதைத்து, எது சாகிறது என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பயிர்மேல் இரக்கப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை, சாக வேண்டியதைச் சாக விட்டால்தான் பிழைக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியும் என்று அங்கே ஒரு வயதான விஞ்ஞானி சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

தலைவர் எங்கள் நிலத்து மண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல மோசமான நிலம் கிடைக்காது என்று ஒப்புக்கொண்டார். நான் சில வருஷமாகக் கழித்து மிச்சம் வைத்திருந்த வகைகளை வரிசை வரிசையாக நைனாவின் வயலில் நட்டோம். எங்கள் மாவட்டத்தில் தை மாதம் தொடங்கிச் சித்திரை வரை போகிற போகத்துக்கு நவரை என்று பெயர். மழை ஓய்ந்து, வெயில் ஏற ஏற, உப்பு மேலே வரும். அதுதான் எனக்கு வேண்டியது.

வாரம் ஒருமுறை மின்சார ரயிலில் பொன்னேரிக்கு வந்து, பஸ் பிடித்து வயலுக்கு வருவேன். முதல் வாரங்களில் இலை நுனி வெளுத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு வேலை மிகுதியால் இரண்டு வாரம் வர முடியவில்லை. மூன்றாம் வாரம் வந்து பார்த்தால் வயல் முழுக்க பச்சைப் பசேல் என்று நிற்கிறது. சாக வேண்டியது, பிழைக்க வேண்டியது எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி தோளோடு தோள் நின்றன.

நைனா வரப்பில் மண்வெட்டியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பாசன ஏரியிலிருந்து மதகுத் தண்ணீர் வரும் முறைநாளெல்லாம் விடாமல் நல்ல தண்ணீரைக் கட்டி, வடித்து, மறுபடி கட்டி, உப்பைக் கழுவி விட்டிருந்தார். என் பயிரைக் காப்பாற்றிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எது தாங்குகிறது என்று இனி இந்த வருஷம் தெரியவே தெரியாது, ஒரு வருஷ வேலை போயிற்று என்று கத்தினேன். அவர் சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

"பயிரு கண்ணு முன்னால சாவுது, பாத்துக்கினு எப்டிம்மா சும்மா நிக்கறது?" என்றார்.

ஆயுசு முழுக்க நெல்லைப் பிழைக்க வைத்தே பழகிய ஆள். வாடின பயிரைக் கண்டால் அவர் கை தானாக மடையைத் திறக்கும். ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. சாப்பிடாமல் ரயில் ஏறினேன். சித்தப்பாவிடம் வைத்திருந்த கோபத்தில் பாதியை நைனாவின் மேல் இறக்கிவைத்துவிட்டேன்.

கதிர் வரும் முன்பே பாசன ஏரி வற்றி, நின்ற பயிரெல்லாம் ஒன்றாகக் காய்ந்தது. அந்தப் போகம் முடிந்ததும் சித்தப்பா பத்திரம் எழுதுகிறவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பொண்ணு படித்த படிப்பும் பார்த்தாயிற்று, போட்ட நெல்லும் பார்த்தாயிற்று, இன்னும் எதற்கு இழுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டார். நைனா களைத்திருந்தார். கூலி வேலைக்குப் போகிற வயதும் இல்லை, சும்மா உட்காருகிற வயதும் இல்லை. இன்னும் ஒரு நவரை பார்க்கிறேன், அதிலும் விளையவில்லை என்றால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் நைனா கொடுத்த வாக்கை மீறியதே இல்லை. எனக்கு இருந்தது அந்த ஒரு போகம்தான்.

இரண்டாம் முறை நடும்போது நைனாவிடம் ஒரு சத்தியம் வாங்கினேன். நான் கூப்பிடாமல் வயல் பக்கமே வரக்கூடாது. அவர் அதைக் காப்பாற்றினார். கடைக்குப் போவதற்குக்கூட வயலைத் தாண்டாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு போனார் என்று அம்மா சொன்னாள். பயிர் முறைப்படி வெளுத்தது, சுருண்டது, கால்வாசி செத்தது. மிச்சம் தலை நிமிர்ந்தது. சித்தப்பா பைக்கில் போகும்போதெல்லாம் நிறுத்தி, பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போவார். முதலில் கேலியாகத்தான் ஆட்டினார். பூக்கும் பருவம் நெருங்க நெருங்க அந்தத் தலையாட்டல் நின்றுபோனது. கருகின வரிசைகளுக்கு நடுவே சில வரிசைகளில் தண்டு உருண்டு கதிர் கட்டுவது அவர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. அவரும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான்.

பங்குனியில் திருவள்ளூர் பக்கம் திருப்பாச்சூரில் எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம். ஊரே வேன் பிடித்துப் போனது. நான் நிலையத்திலிருந்து நேராக வந்திருந்தேன். சித்தப்பாவும் பட்டு வேட்டியில் வந்திருந்தார். முகூர்த்தம் முடிந்து பந்தி போட்டார்கள். எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் முதல் இலையில் உட்காருகிற மனுஷன், அன்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனதாக யாரோ சொன்னார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது முறை பாயசம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் ஊருக்குத் திரும்பினால் எங்கள் வயல் குளமாகக் கிடந்தது. குட்டையிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீரை விடுகிற மதகுப் பலகையைத் தூக்கி, வாய்க்காலை எங்கள் பக்கம் திருப்பியிருந்தார்கள். முழங்கால் அளவு உப்புத் தண்ணீர். பூத்திருந்த கதிர்கள் அதில் நின்றன. நெல்லுக்கு நாற்றுப் பருவத்துக்கு அடுத்தபடி உப்பு ஆகவே ஆகாத நேரம் பூக்கும் நேரம்தான். அப்போது உப்பு ஏறினால் பயிர் நிற்கும், ஆனால் மணி பிடிக்காது, எல்லாம் பதராகப் போகும். சித்தப்பாவைக் கேட்டதற்கு, பலகை உளுத்துப்போயிருந்தது, தானாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, நானே பேஜாராகி நிற்கிறேன் என்றார். தண்ணீர் வாய்க்காலைத் தானாகத் திருப்பிக்கொண்டதா என்று அம்மா கேட்டாள்.

அன்று வரப்பில் உட்கார்ந்து என்னென்ன நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு டப்பா பூச்சிமருந்து அவர் குட்டைக்குப் போதும். எந்த மருந்து, எவ்வளவு என்று எனக்கு நன்றாகவே தெரியும், அதற்கும் சேர்த்துத்தானே படித்தேன். இறால் எல்லாம் வயிறு மேலாக மிதப்பதை மனசில் நிதானமாகப் பார்த்தேன். அதில் ஒரு சுகம் இருந்தது. என்னைத் தடுத்தது நல்ல புத்தி இல்லை. அந்தக் குட்டைத் தண்ணீர் எப்படியும் எங்கள் வயலில்தான் வந்து வடியும், அது ஒன்றுதான் தடுத்தது.

தண்ணீரை வடித்து முடிக்கவே நாளாயிற்று. கதிர்கள் வெளுக்க ஆரம்பித்தன. எடை இல்லாத வெள்ளைக் கதிர், காற்றில் தூக்கிக்கொண்டு நின்றது. ஊரில் பார்க்காதவர்கள் இல்லை. நைனா வந்து பார்க்கவில்லை, சத்தியம் செய்திருந்தாரே. மற்றவர்கள் சொன்னது போதும் என்று சித்தப்பாவுக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை பொன்னேரி பத்திரப்பதிவு அலுவலகத்தில் கையெழுத்து.

வியாழக்கிழமை நான் வயலுக்கு வந்தது, வரிசைகளுக்கு அடையாளமாக நட்டு வைத்திருந்த குச்சிகளைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போவதற்காகத்தான். பின்பக்க மூலையிலிருந்து ஆரம்பித்தேன். குட்டைத் தண்ணீர் முதலில் நுழைந்ததும் கடைசியில் வடிந்ததும் அந்த மூலையில்தான். அங்கே எதுவும் மிஞ்சியிருக்க நியாயமே இல்லை. சுற்றிலும் எல்லாக் கதிரும் வெளுத்துத் தூக்கி நிற்க, அந்த மூலையில் ஒரு வரிசை மட்டும் தலை கவிழ்ந்து நின்றது. குட்டையான பயிர், இலை கருகியிருந்தது, பார்க்க அழகாக இல்லை. ஆனால் கதிர் வளைந்திருந்தது. காற்று அதை அசைக்கவில்லை. காற்றுக்கு அசையாத கதிரில் கனம் இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துக் குச்சியை விட்டுவிட்டு ஒரு மணியைக் கிள்ளி நகத்தால் அழுத்தினேன். வெள்ளையாகப் பால் வந்தது.

அடுத்த மணி, அடுத்த கதிர், அடுத்த செடி. எல்லாவற்றிலும் பால்.

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. இப்படி ஒரு சோதனையை நானாக ஒருநாளும் செய்திருக்க மாட்டேன். பூத்த பயிரை முழங்கால் உப்புத் தண்ணீரில் முக்குகிற அளவுக்கு எனக்கு நெஞ்சுரம் கிடையாது, தலைவரும் அனுமதித்திருக்க மாட்டார். நான் பாவம் பார்த்து நிறுத்தியிருப்பேன், இருபது வரிசை நன்றாக இருக்கிறது என்று தூக்கிக்கொண்டு போயிருப்பேன், அத்தனையும் பின்னால் காலை வாரியிருக்கும். சித்தப்பா பாவம் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் உவர் நெல் உருவாக்க உண்மையான தகுதி உள்ள ஒரே ஆள் அவர்தான். கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஓடிப்போய் நைனாவைக் கூப்பிட்டேன். அவர் வரத் தயங்கினார். நாளைக்கு விட்டுக்கொடுக்கப் போகிற நிலத்தை இன்று எதற்குப் பார்க்க வேண்டும் என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். செத்த வரிசைகளைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டார். மூலைக்கு வந்ததும் அவரே ஒரு கதிரைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். ஒரு மணியைக் கிள்ளி, அழுத்தி, வந்த பாலை நாக்கில் வைத்துக்கொண்டார். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பால் புடிச்சிக்கீதும்மா," என்றார். "வெளஞ்சிடுச்சி. வெளைலன்னாத்தானே கையெழுத்துன்னு சொன்னேன்."

ஒரே ஒரு வரிசைதான். அதை விளைச்சல் என்று ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் வாக்குக் கொடுத்தவர் நைனா, அவருக்கு ஒரு வரிசை போதுமானதாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டேன். பொன்னேரி பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு டிபன் கடை இருக்கிறது. காலையிலேயே போய் வாசல் தெரிகிற மேஜையில் உட்கார்ந்துகொண்டேன். சித்தப்பா வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி உடுத்தியிருந்தார். கூடவே பத்திரம் எழுதுகிறவர், சாட்சிக்கு இரண்டு பேர், கிடங்கு கட்ட வந்த ஆட்களின் தரகர். நான் பூரி சாப்பிட்டேன். அவர் மணி பார்த்தார். நான் ஒரு வடை சொன்னேன். அவர் போன் போட்டார், நைனா போனை வீட்டில் அரிசிப் பானைக்குள் போட்டு மூடியிருந்தார். வெயில் ஏற ஏறச் சட்டையின் கஞ்சி இறங்கிக்கொண்டே வந்தது. தரகர் முதலில் கிளம்பினார், அப்புறம் சாட்சிகள். அலுவலகம் மதியச் சாப்பாட்டுக்கு மூடுகிறவரை நான் அங்கேயே இருந்தேன். கடைக்காரர், வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். எதுவும் வேண்டாம், வயிறு நிறைந்துவிட்டது என்றேன். என் வாழ்க்கையில் அதைவிட ருசியாக எங்கேயும் நாஷ்டா சாப்பிட்டதில்லை.

அந்த ஒரு வரிசையின் நெல்லை அடுத்த போகத்தில் ஒரு பாத்தியில் நட்டோம், அதற்கடுத்து கால்வாசி வயல், பிறகு முழு வயல். நிலையத்தில் தலைவர், பூக்கும் பருவத்தில் இவ்வளவு கடுமையான உப்புச் சோதனையை எப்படித் திட்டமிட்டாய் என்று கேட்டார். பக்கத்து நிலத்து விவசாயியின் ஒத்துழைப்பு என்றேன். அவர் அதை அப்படியே அறிக்கையில் எழுதச் சொல்லிவிட்டார். இன்னும் அந்த நெல்லுக்குப் பெயர் வைத்து வெளியிடவில்லை, பல ஊர் உவர் வயல்களில் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. நல்ல மண்ணில் போட்டால் மற்ற ரகத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கொடுக்கும். உப்பு மண்ணில் அதற்குப் போட்டியே கிடையாது. நைனாவின் வயலில் விளைந்ததைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு விதைக்குக் கொடுக்க நிலையம் அனுமதித்தது. வண்டி கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். நைனாவுக்கு வயசு குறைந்த மாதிரி இருந்தது.

சித்தப்பாவுக்கு அதே வருஷங்களில் இறங்குமுகம். இறாலில் வெள்ளைப் புள்ளி நோய் வந்து ஒரு பட்டம் முழுக்கப் போனது. அடுத்த பட்டமும் போனது. சாலை இல்லாத நிலத்தைக் கிடங்குக்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. காய்ந்த குட்டை வெடித்து, வெள்ளை பூத்துக் கிடந்தது. அவர் பயிர் வைக்க நினைத்தாலும் அதில் எந்த நெல் முளைக்கும்? உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் வேண்டுமென்றே அந்தக் குட்டைக் கரைமேல் நடந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கார் இல்லை, நடந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுக்காத காபியை எதிர்பார்த்துக்கொண்டு, அந்த நெல் விதை தனக்கும் வேண்டும் என்றார். இந்த நேரத்துக்காக நான் எத்தனையோ வருஷமாகச் சொல் சேர்த்து வைத்திருந்தேன். டீக்கடையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். கடைசியில் ஒன்றைத்தான் சொன்னேன்.

"இந்த நெல்ல நான் பொறுக்கி எடுக்கல சித்தப்பா. கல்யாணத்துல சாப்புடாம வந்து நீங்க தொறந்துவுட்டீங்களே, அந்தத் தண்ணி பொறுக்கி எடுத்துது."

அவர் முகம் செத்துப்போகும் என்று பார்த்தேன். அவரோ நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அப்போ எனக்கும் அதுல பங்கு கீதுன்னு சொல்லு," என்றார்.

வெட்கம் என்பதையே கடவுள் அந்த மனுஷனுக்கு வைக்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து பாத்திரத்தைப் போட்டு உடைப்பதுபோல் சத்தம் செய்தாள். நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஆனால் சித்தப்பா கேட்கும் உரிமை இல்லாதவர் இல்லை. உவர் நிலம் வைத்திருக்கும் யாருக்கும் விதை கொடுக்க வேண்டும் என்பது நிலையத்தின் ஏற்பாடு. யோசித்துப் பார்த்ததில் அந்த ஏற்பாட்டிலேயே எனக்கு வழி கிடைத்தது. நெல் விதை வயலுக்குத்தான் கொடுப்போம், குட்டைக்குக் கொடுக்க மாட்டோம் என்றேன். முதலில் கரையை உடைத்து, குட்டையைத் தூர்த்து, ஓடையிலிருந்து தண்ணீர் வரும் வாயை மண்போட்டு அடைத்து, வயலாக்கிக் காட்டட்டும், பிறகு வரட்டும். அதற்கு ஆகிற செலவும் அவர் தலையில். அவர் நைனாவைப் பார்த்தார். நைனா, பொண்ணு சொல்றதுதான் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கோடை முழுக்க பொக்லைன் ஓடியது. நான் வாரம் தவறாமல் வந்து வேடிக்கை பார்த்தேன். எங்கள் வயலைக் கெடுத்த கரையை அவரே வெயிலில் குடை பிடித்து நின்று உடைக்க வைத்தார். பலகை போட்டிருந்த மதகு எந்த இடம் என்று தெரியாமல் போயிற்று. ஆடியில் மழை விழுந்ததும் புதுமண்ணில் தண்ணீர் தேங்கி வயல் மாதிரியே இருந்தது. சொன்னபடி செய்துவிட்டார், நானும் சொன்னபடி கொடுக்க வேண்டியதாயிற்று.

எங்கள் பக்கம் விதைநெல்லைச் சாக்கில் பிடித்துக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் ஏந்த வேண்டும், கொடுக்கிறவர் மரக்காலால் அளந்து அதில் கொட்டுவார். ஒரு மணி தரையில் விழக்கூடாது, விழுந்தால் அந்த விதை முளைத்தாலும் நிலைக்காது என்பார்கள். பெரியவர், சின்னவர், பணக்காரர் யாராக இருந்தாலும் இப்படித்தான். சித்தப்பா களத்துக்கு வந்து துண்டை ஏந்தி நின்றார். அவருக்கு நிமிர்ந்தே நின்று பழக்கம். கோயிலில்கூட அவர் முதுகு வளைந்து நான் பார்த்ததில்லை. நைனா மரக்காலைத் தலைதட்டாமல் கும்பாரமாக அளந்து தூக்கினார். நான் களத்து ஓரத்தில் நின்றிருந்தேன்.

துண்டு உயரமாக இருந்ததால் நாலு மணி சிதறித் தரையில் விழுந்தது. நைனா பதறிப்போய் நிறுத்தினார்.

"குனிடா," என்றார்.

சித்தப்பா குனிந்தார். நைனா கொட்டினார். மறுபடியும் இரண்டு மணி விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் குனி," என்றார் நைனா.

சித்தப்பாவின் முதுகு முழுக்க வளைந்தது. துண்டு தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கியது. பிடரி தெரிந்தது, அதில் நரை முடியும் வியர்வையும் தெரிந்தன. நைனா அவரைப் பார்க்கவேயில்லை, அவர் கண் முழுக்க நெல்லின் மேலேயே இருந்தது. நெல் சிந்தக்கூடாது என்றுதான் அவர் அப்படிச் சொன்னார். எனக்காகத்தான் சொன்னார் என்று நான் வைத்துக்கொண்டேன்.